மூட்டைக்கு இவ்வளவு

சரக்கு மூட்டை நாடார் வணிகர்களின் பேட்டைக்குள் இறங்கும்போதே மகமை என்ற பொதுப் பங்கை எடுத்துவைத்துவிடுவார்கள். அந்த மூட்டை நல்ல விலைக்குப் போகுமா, நட்டத்தில் முடியுமா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. வண்டிக்கூலி, சுங்கம், தரகு ஆகியவற்றோடு இன்னொரு செலவாக அதுவும் பேரேட்டில் ஏறும்.

தொழிலில் வென்றவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களைப் பற்றி எழுதுகிறார்கள். ஏழைப் பையன் ஒருவன் கையில் சில்லறையோடு ரயிலேறுகிறான், படாத பாடு படுகிறான், பெரிய முதலாளி ஆகிறான், கடைசி அத்தியாயத்தில் பள்ளிக்கூடம் கட்டுகிறான். இந்தக் கதைகளில் கொடுப்பது எப்போதும் கடைசியில்தான் வருகிறது. முதலில் சம்பாத்தியம், பிறகு மன இளக்கம், பிறகு கொடை. நம் சட்டமும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதாக இருக்கிற நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிகர லாபம் என்பது கடைசி வரி. சம்பளம், வட்டி, தேய்மானம், விளம்பரம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவது. சராசரி நட்டத்தில் இருந்தால் அந்த ஆண்டுக் கடமையும் பூஜ்யம்.

மகமை முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. தொழில் நடத்துவது பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்தைக் காட்டிலும் இந்த ஒரு வித்தியாசம் எனக்கு அதிகம் சொல்லித்தருகிறது. அது எங்கே தவறியது என்பது இன்னும் அதிகம் சொல்லித்தருகிறது.

பேட்டைகளின் கதையை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடிப் பனங்காட்டிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் கருவாடும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு வடக்கே ராமநாதபுரம் கரிசல் பக்கம் வந்தார்கள். வழியில் கள்ளர் பயம். தனி வண்டியாகப் போனால் சரக்கும் போகும், சில நேரம் உயிரும் போகும். அதனால் வண்டிகள் கூட்டமாகப் போயின. இரவு தங்குவதற்குச் சுற்றுச்சுவர் வைத்த பேட்டைகள் எழுந்தன. மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்குக் காவல், ஆளுக்குப் படுக்க இடம். இந்த வசதிகளுக்காக வண்டிக்காரர்கள் கட்டியதுதான் மகமை. பேட்டைகளைச் சுற்றி வியாபாரம் பெருகி, சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்கள் அந்த வணிகர்களின் பிடிமானம் ஆயின.

ஆக, தருமமாக அது தொடங்கவில்லை, பயத்திலிருந்து தொடங்கியது. ஒருவன் சரக்கு கொள்ளை போனால் அடுத்தவனுக்கும் ஆபத்து என்கிற கணக்கு அது. இதைச் சொல்வதால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. நல்ல மனத்தை நம்பிக் கட்டிய அமைப்புகள் ஒரு தலைமுறையில் சரிவதையும், பொதுப் பயத்தின் மேல் கட்டியவை நூறாண்டு நிற்பதையும் பார்க்கிறோம்.

அந்தப் பயத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. நாடார்கள் பணம் சேர்ந்தும் கோயிலுக்குள் நுழைய முடியாத சாதி. உள்ளே போக முயன்றதும், உரிமை கேட்டு வழக்காடியதும் மற்ற சாதிகளுக்குச் சினமூட்டின. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அதற்கு முன்பே, 1899 ஜூன் 6ஆம் தேதி, ஆயிரக்கணக்கானோர் திரண்டுவந்து சிவகாசியைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, ஆட்கள் மாண்டார்கள். ‘சிவகாசிக் கொள்ளை’ என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பிறகு, மகமையை நிர்வகித்த உறவின்முறை என்ற சாதி அமைப்பு வெறும் வணிகர் கூட்டமாக இருந்திருக்க முடியாது.

உறவின்முறையின் நடைமுறை எளிமையானது. குடும்பத் தலைவர்கள் கூடுவார்கள். முறை வைத்துப் பொறுப்பேற்கிற முறைக்காரர்கள் மகமையை வசூலிப்பார்கள். அதிலிருந்து கிணறு, கோயில், வழக்குச் செலவு, நொடித்துப்போனவனுக்குக் கைகொடுப்பது, பிறகு பள்ளிக்கூடம். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இப்படி எழுந்ததுதான். மகமை போதாதபோது வீட்டுக்கு வீடு உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பானையில் போட்டுவைத்து, அதைத் திரட்டிப் பள்ளியை நடத்தினார்கள். அங்கேயும் அதே தத்துவம்தான்: சோறு மிஞ்சினால் கொடு என்று யாரும் கேட்கவில்லை, வடிப்பதற்கு முன்பே எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த காமராஜ் பின்னாளில் முதலமைச்சராகித் தமிழ்நாடெங்கும் பள்ளிகளைத் திறந்ததையும் மதிய உணவு போட்டதையும் பிடி அரிசியோடு முடிச்சுப்போடுவது எழுதுகிறவர்களுக்குப் பிடித்த வேலை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் சோற்றுக்கும் படிப்புக்கும் உள்ள சம்பந்தம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை.

மகமையில் கவனிக்கப்படாத பலன் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். சரக்கின் அளவுக்கு மகமை என்றால், யார் எவ்வளவு மகமை கட்டினார் என்பதிலிருந்தே யாருக்கு எவ்வளவு சரக்கு வந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒளிக்க முடியாது. யாருக்கு நம்பிக் கடன் கொடுக்கலாம், யார் தள்ளாடுகிறார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை. மூலதனம் கிடைக்காத இடத்தில் இப்படித் திரண்ட தகவல்தான் முதல் மூலதனம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவானபோது அது வெறுந்தரையில் முளைக்கவில்லை. நாணயம் தெரிந்த ஆட்களின் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று.

வங்கி பதிவான மறு ஆண்டு, சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்கார இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றார்கள். காலம் பார்த்துப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை இந்தியாவின் தீக்குச்சிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை விழுந்தது. குரோஸ் என்றால் 144 பெட்டி. உள்நாட்டில் யார் செய்தாலும் அந்த ஒன்றரை ரூபாய் அவருக்குக் கவசம். இதை ஸ்வீடனின் தீப்பெட்டிக் கம்பெனியும் புரிந்துகொண்டது. அது இந்தியாவிலேயே விம்கோவைத் தொடங்கிப் பெரிய இயந்திரங்களோடு இறங்கியது. அந்தப் பெயர் இன்று சென்னையின் வடகோடியில் ஒரு மெட்ரோ நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1923இல் ஊர் திரும்பியவர்கள் இயந்திரத்தோடு தொடங்கி, பிறகு கையுழைப்புக்கு மாறினார்கள். புதுமை என்றால் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போவது என்றுதான் நமக்குப் பாடம். இவர்கள் எதிர்த்திசையில் போய் ஜெயித்தார்கள். காரணங்கள் கண்முன்னே இருந்தன. கரிசல் காட்டில் மழை பொய்த்துக்கொண்டே இருந்தது. வேலையில்லாத கைகள் ஏராளம். வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும் மருந்து காய்வதற்குத் தோதாக இருந்தன. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வானம் தீக்குச்சிக்கு வரமாயிற்று. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள்: பெட்டி ஒட்டுவது ஒருவர், சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கட்டை அடுக்குவது இன்னொருவர், மருந்து முக்குவது வேறொருவர், பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது என்று. பெட்டி ஒட்டுவதற்குத் தொழிற்சாலைக்கு வரவே வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். கூலி கட்டைக்கு இவ்வளவு, குரோசுக்கு இவ்வளவு.

அந்த இருவரும் பின்னர் பிரிந்து தனித்தனியாக நடத்தினார்கள். ஒருவர் லேபிளில் அணில், மற்றவர் லேபிளில் காக்கா. பிரிந்ததால் தொழில் மெலியவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அவர்களிடம் கணக்கெழுதியவர், சரக்கெடுத்தவர், சம்பந்தம் செய்தவர் எனப் பலரும் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மருந்துக் கலவையைப் பூட்டிவைத்து ஒரே பெரிய கம்பெனியாக வளர்ந்திருக்கலாம். அப்படி வளர்ந்திருந்தால் விம்கோவின் பணத்துக்கு முன்னால் அது எத்தனை நாள் நின்றிருக்கும் என்று தெரியாது. நூற்றுக்கணக்கான சிறு ஆபீஸ்களை எவராலும் விலைக்கு வாங்க முடியாது. 1934இல் வெள்ளைக்காரன் அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. பின்னாளில் கைத்தொழில் ஆபீஸ்களுக்கு அந்த வரியில் கிடைத்த சலுகை, சிறியவர்கள் சிறியவர்களாகவே இருப்பதில் லாபம் என்ற நிலையை உண்டாக்கியது. இதுவும் அவர்களுடைய சாமர்த்தியம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாதி சாமர்த்தியம், பாதி வரிச்சட்டம்.

லேபிள் அச்சடிக்க அச்சகம் வந்தது. அச்சகத்துக்குத் தீப்பெட்டி லேபிள் மட்டும் தீனி போதவில்லை. காலண்டர், நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை என்று நாடு முழுக்க வேலை பிடித்தார்கள். மருந்து தெரிந்த கைகள் பட்டாசுக்கும் போயின. ஒரு தொழிலின் கழிவும் தேவையும் அடுத்த தொழிலுக்கு விதையாக விழுந்துகொண்டே போன ஊர் அது. நேரு குட்டி ஜப்பான் என்றாராம். சிவகாசிக்காரர்களிடம் பேச்சுக்கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். கல்லூரிகளும் வந்தன: 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, பிறகு ஒரு பட்டாசு நிறுவனத்தின் பேரிலேயே பெண்களுக்கான கல்லூரி. ஒரு விஷயம் இன்னும் எனக்கு வியப்பு. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. பதினான்கு வருடங்களுக்குப் பிறகான அந்த ஏற்றத்தை உற்பத்தியாளர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவுசெய்தார்கள். கடையில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்கிறவர்கள் விலையென்று வரும்போது பேட்டைக்குள் வந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல பாடப்புத்தகக் கட்டுரை ஆகிவிடும். நிறுத்த முடியாது. அந்தத் துண்டு வேலைகளை யார் செய்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.

1970களிலும் 80களிலும் விடியற்காலை இருட்டில் ஆபீஸ் பஸ்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். கட்டை அடுக்கவும் பெட்டி அடைக்கவும் சின்ன விரல்கள்தான் வாகு என்று ஒரு சாக்கு சொல்லப்பட்டது. உண்மையான காரணம் கூலி. பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் கட்டைக் கணக்கில் கழியும். மழை இல்லாத ஊரில் அந்தக் காசு இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் உண்மை. 1990இல் சலம் பென்னூர்கர் தாம் எடுத்த ஆவணப்படத்துக்குக் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்றே பெயர் வைத்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தை வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு அப்போதுதான் முதலாளியின் பேரேட்டில் ஏறியது. அதையும் டெல்லியிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எனக்குப் புரியாமல் உறுத்திக்கொண்டிருந்த கேள்வி இதுதான்: பிடி அரிசியால் பள்ளிக்கூடம் நடத்திய மரபு, கல்லூரி கட்டிய மரபு, பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பறிக்க எப்படித் துணிந்தது? கபடம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. மகமையின் பலமும் ஓட்டையும் ஒரே இடத்தில் இருந்தன. அது பேட்டைச் சுவருக்குள் இருந்தவர்களுக்கான ஏற்பாடு. சுவருக்குள் கணக்கு சுத்தம். நொடித்தவனைத் தூக்கிவிடும், அனாதையைப் படிக்கவைக்கும். சுவருக்கு வெளியே நின்றவன், அந்தத் தொழிலுக்காகவே தன் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றினாலும், உறவின்முறையில் இல்லாதவன். அவன் கூட்டத்தில் உட்காரவில்லை, மகமை கட்டவில்லை, அதனால் கேட்கவும் முடியாது. ஒரு காலத்தில் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே தங்கள் சுவரை எழுப்பினார்கள் என்பதால் அந்தச் சுவரின் நியாயம் அவர்களுக்கு ஐயமற்றதாக இருந்திருக்கும். வெளியிலிருந்து வந்த அடியை மறக்காதவர்களுக்கு, தங்களுக்கும் ஒரு வெளி உண்டு என்பது எளிதில் படுவதில்லை.

இது சிவகாசிக்கு மட்டும் உரிய குறை என்று யாராவது எண்ணினால் தவறு. சமூகத்துக்குத் திருப்பித் தருகிறோம் என்கிற எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். மரக்கன்று, மாரத்தான், பள்ளிக்குக் கணினி. அதே நிறுவனத்தின் வாசலைக் கூட்டுகிற, காவல் காக்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பக்கங்களில் இடம் இருக்காது. அவர் நிறுவனத்தின் ஆளும் இல்லை, நிறுவனம் உதவுகிற சமூகமும் இல்லை. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நிற்கிறார்.

பட்டாசுத் தொழிலில் இந்த நடு இடத்துக்கு ஒரு வடிவமே உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆபீஸின் அறைகள் உள்குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரர் போட்ட காசை சீசனுக்குள் எடுக்க வேண்டும் என்பதால் அறையில் இருக்க வேண்டிய ஆட்களைவிடக் கூடுதல் ஆட்கள், இருக்க வேண்டிய மருந்தைவிடக் கூடுதல் மருந்து. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் வரை இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள்கூட இல்லை. புகையைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். விபத்து நடந்தால் நிவாரணம் அறிவிக்கிறார்கள். நிவாரணமும் கடைசி வரிதான்.

மூட்டைக்கு இவ்வளவு என்ற பழைய கணக்கைச் சுவருக்கு வெளியே கொண்டுபோக முடியுமா என்றால், முடியும் என்பதற்கு அதே தென்மாவட்டங்களில் ஒரு சாட்சி இருக்கிறது. 1976இல் பாராளுமன்றம் பீடித் தொழிலாளர்களுக்காக ஒரு நலத் தீர்வைச் சட்டம் கொண்டுவந்தது. பின்னாளில் அது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று உற்பத்தியின் மேலேயே விழுந்தது. கம்பெனி லாபத்தில் ஓடுகிறதா, முதலாளி நல்லவரா என்ற கேள்விக்கே இடமில்லை. பீடி சுற்றி முடித்தவுடன் அதன் பங்கு பிரிந்துவிடும். சேர்ந்த பணம் பீடி சுற்றுகிறவர்களுக்கான மருத்துவமனைகளுக்கும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும், வீடு கட்டவும் போனது. தாமிரபரணிக் கரையில் முக்கூடலில் அப்படி ஒரு மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண் எந்த உறவின்முறையிலும் இல்லை. ஆனாலும் அவள் சுற்றிய ஆயிரத்தின் மேல் அவளுக்கு ஒரு பாத்தியதை இருந்தது.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அப்படி ஒரு தீர்வை வரவில்லை. குரோசுக்குச் சில பைசா என்றால் நுகர்கிறவருக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. வந்திருந்தால் அதை வசூலிக்கத் தெரிந்த ஆட்கள் இந்தியாவிலேயே சிவகாசியில்தான் அதிகம். நான்கு தலைமுறையாக அதைத்தான் செய்துவந்தவர்கள் அவர்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லையா, கேட்டது எங்கேயும் ஏறவில்லையா என்பது வேறு விவகாரம். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது பல தீர்வைகளோடு சேர்த்துப் பீடித் தீர்வையையும் எடுத்துவிட்டார்கள். முக்கூடல் மருத்துவமனை போன்றவற்றுக்கு வேண்டிய பணம் இப்போது ஆண்டுதோறும் டெல்லியில், மற்ற செலவுகளோடு வரிசையில் நின்று, ஒதுக்கப்படுகிறது.